வேட்டி மடிப்பில் ஒரு பாட்டரி

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு கல்லூரி நூலகத்தில் பிறருக்குப் புத்தி சொல்லும் புத்தகங்களை இருபத்தைந்து வருஷம் எண் போட்டு அடுக்கிய அனுபவத்தோடு, நான் ஒரு மரப்பெட்டி வாங்கினேன். கைக்குள் அடங்கும் பெட்டி. உள்ளே ஒரு பாட்டரி, மேலே ஒரு கண்ணாடிக் குப்பி, பக்கத்தில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தி உறிஞ்சினால் பால்பாயச வாசனையோடு ஆவி வரும். அதன் விலைக்கு ஒரு நல்ல மிக்ஸியும், மிச்சத்தில் ஒரு பிரஷர் குக்கரும் வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் வீட்டில் நல்ல பெயர் கிடைத்திருக்கும். இடுப்பில் வடு இருந்திருக்காது.

மின்சிகரெட்டுக்கு நாட்டில் தடை வருவதற்கு முந்தைய காலம் அது. அதனால் நான் அப்போது குற்றவாளி இல்லை, முட்டாள் மட்டும்தான்.

எல்லாம் என் மச்சினருக்கு பைபாஸ் ஆன வாரத்தில் ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் மனைவி நேராக மொட்டைமாடிக்கு வந்தாள். அவள் அண்ணனின் நெஞ்சைப் பிளந்ததைப் பற்றிய கவலையில் நான் அங்கே இரண்டாவது சிகரெட்டைப் பற்றவைத்திருந்தேன்.

"ஏன்னா, கேட்டேளா. நீங்க இதை விடற வரைக்கும் நான் காப்பி குடிக்கப் போறதில்லை."

நாளைக்குப் பால் பாக்கெட் ஒன்று குறைத்துச் சொல்லிவிடுங்கள் என்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் இப்படி ஒன்றை நேர்ந்துகொண்டு விடுவது சாதாரண விஷயமில்லை. ஒருவர் பிள்ளைக்கு வேலை கிடைக்கக் கத்திரிக்காயை விட்டார். இன்னொருவர் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும் வரை சினிமாவை விட்டார். காப்பியை விட்டவர்கள் எங்கள் தெருவின் சரித்திரத்திலேயே இல்லை. அடுத்தாத்து மாமி துக்கம் விசாரிக்க வருவது போல வந்தாள்.

"காப்பியையா விட்டே? வேற ஏதாவது விடப்படாதோடீ? பாவக்கா இருக்கு, சேனை இருக்கு..."

"பாவக்காயை விட்டா இவருக்கு என்ன நஷ்டம் மாமி?"

நிபந்தனையும் தெளிவாக இருந்தது. நான் சிகரெட்டை நிறுத்தி ஒரு மண்டலம் ஆக வேண்டும். அன்றைக்குத் தெருக்கோவிலில் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பாள். மண்டலம் என்றால் எத்தனை நாள் என்று நான் ஒரு வழக்கைக் கிளப்பிப் பார்த்தேன். கேரளத்தில் நாற்பத்தொன்று, தமிழ்நாட்டில் நாற்பத்தெட்டு. நாம் மூன்று தலைமுறையாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறோம் என்று ஞாபகப்படுத்தினேன்.

"ரேஷன் கார்டு இங்கேயாக்கும். நேர்ச்சை அங்கத்துக் கணக்குதான்," என்றாள். நாற்பத்தெட்டு என்று முடிவாயிற்று.

மறுநாள் காலையில் என் டம்ளரில் நுரை ததும்பக் காப்பியை ஆற்றி வைத்துவிட்டு, எதிரே சீரகம் போட்டுக் காய்ச்சிய ஜீரக வெள்ளத்தோடு உட்கார்ந்தாள். என் காப்பியை அவள் நிறுத்தியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அந்த முதல் வாரம் முழுவதும் அவளுக்குத் தலைவலி. நெற்றியில் சுக்குப் பற்றோடுதான் அரசு ஆபீசுக்கு பஸ் ஏறினாள். இரண்டாவது வாரம் தலைவலி நின்றுவிட்டது. அவளுடைய மனவலிமையை நினைத்து நான் அயர்ந்துபோனேன். என்னிடம் அதில் கால் பங்குகூட இல்லை என்பது தெரிந்திருந்ததால், அயர்வு கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நானும் சிகரெட்டை நிறுத்தினேன், மெய்யாகவே. அவள் காலண்டரில் ஒன்று என்று எழுதி வட்டம் போட்டாள். நான்காம் நாள் நூலகத்தில் புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். குத்திய வேகத்தைப் பார்த்து, எங்கள் யுபிஎஸ்ஸைப் பழுது பார்க்க வந்திருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். நாகர்கோவில்காரர், நாற்பதை நெருங்குபவர். பாட்டரி சம்பந்தமாக உலகத்தில் அவருக்குத் தெரியாதது இல்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

"சாருக்கு என்ன, சுகமில்லையா?"

"சிகரெட்டை விட்டுட்டேன்."

"எத்தனை நாளாச்சு?"

"நாலு."

"அப்ப விடல்லை சாரே. நிறுத்தி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

அவர் கருவிப் பையின் அடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தார். அதற்குள் இருந்தது அவரே செய்த மின்சிகரெட். கழக்கூட்டத்து ஐடி கம்பெனிக்காரர்கள் நாலைந்து பேருக்கு இப்படிச் செய்து கொடுத்திருக்கிறாராம். ஒன்று போல இன்னொன்று இருக்காதாம்.

"புகையே கிடையாது. ஆவியாக்கும்."

"கடையில கிடைக்கிறதே, அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் முகத்தில் ஒரு வேதனை தெரிந்தது. "சாரே, அது ஒரே அச்சில ஆயிரம் அடிச்சது. உள்ளே ஒரு சிப்பு உண்டு. அது உங்களை நம்பாது. சூடு கூடினா நிறுத்தும், ஷார்ட் ஆனா நிறுத்தும். நம்ம ஐட்டத்தில சிப்பு கிடையாது. பாட்டரி, செம்பு, கம்பிச் சுருள். நேரடி பந்தம். வோல்டேஜ் குறையவே குறையாது."

"சிப்பு இல்லைன்னா ஆபத்தில்லையா?"

"காரியம் தெரிஞ்சவங்களுக்கு என்ன ஆபத்து?"

அந்த நிமிஷத்திலிருந்து நானும் காரியம் தெரிந்தவன் ஆனேன். பள்ளிக்கூடத்தில் ஓம் விதியைத் தவறாக எழுதி வாத்தியாரிடம் குட்டு வாங்கியது ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் அதை அனுப்பிவைத்தேன்.

மரம் என்ன மரம் என்று கேட்டது என் அடுத்த தவறு. உடைந்துபோன ஒரு வீணையின் குடத்திலிருந்து அறுத்த பலா என்றார். உண்மையோ பொய்யோ, படித்தவனை வீழ்த்த இதுபோல ஒரு வாக்கியம் போதும். பித்தளைத் தகட்டில் என்ன செதுக்க என்று கேட்டார். இந்த ஊரில் பிறந்தவன் வேறு என்ன சொல்வான்? திருவிதாங்கூர் அரச முத்திரையின் வலம்புரிச் சங்கு என்றேன். தகட்டைச் செதுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் கிராம்பை மென்று என் நாக்கு மரத்துப்போனது.

பெட்டியோடு இரண்டு பாட்டரி, ஒரு சார்ஜர், பஞ்சு, கம்பி, பாயச வாசனைத் திரவம் ஒரு குப்பி எல்லாம் வந்தன. திரவத்தில் நிகோடின் இருந்தது. கடைசியாக ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்.

"இதை மட்டும் மறந்துடாதீங்க சாரே. பாட்டரியை வெறுமனே எங்கயும் வைக்கக் கூடாது. இதுக்குள்ளதான் வைக்கணும்."

அதை மறக்கவில்லை. டப்பா வீட்டுக்கு வந்த அன்றே மனைவி கண்ணில் பட்டது.

"இது ஏது?"

"யுபிஎஸ்காரர் குடுத்தார்."

இது முழு உண்மை. அந்தக் காலத்தில் நான் சொன்ன ஒரே முழு உண்மை.

"நன்னா இருக்கே. கற்பூரம் வச்சுக்கலாம்," என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

இப்போது மனசாட்சியின் கட்டம். தர்க்கப் பாடப்புத்தகங்களில் ஒரு மலை எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகையை வைத்து அங்கே தீ இருப்பதை மாணவர்கள் அனுமானம் செய்வார்கள். என் பெட்டி அந்த மலையையே திகைக்க வைத்திருக்கும். இதில் தீ இல்லை. ஆகவே வருவது புகை இல்லை. ஆகவே நான் புகைபிடிக்கவில்லை. ஆகவே காலண்டரில் வட்டங்கள் தொடரலாம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று இதை நான் தினமும் நிரூபித்தேன். எதிர்த்தரப்பில் ஆள் இல்லாததால் தினமும் ஜெயித்தேன்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு நாளுக்கு ஒரு முறை கம்பியைச் சுருட்டிப் பஞ்சைத் திணிக்க வேண்டும். பஞ்சு கொஞ்சம் குறைந்தால் கருகிய தலையணையைக் கடித்த ருசி. கூடினால் ஆவி வராது. குப்பி ஒழுகிச் சட்டைப் பையெல்லாம் பாயசம். சிப்பு இல்லாததால் பாட்டரி தீரப்போவதை அது சொல்லாது. ஆவி மெலியும், அவ்வளவுதான். கடைச் சாமானை போன் ஒயரிலேயே சார்ஜ் செய்யலாம். இதற்குப் பாட்டரியை வெளியே எடுத்து, நூலகத்துப் பின்னறையில் யாரும் தொடாத பதிவேடுகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்த சார்ஜரில் போட்டு, மாற்றுப் பாட்டரியைச் சுமந்து திரிய வேண்டும். வீணை மரமாயிற்றே என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அடுத்தாத்து மாமி மனைவியிடம், "உங்காத்துல தினமும் சாயங்காலம் பால்பாயசமா?" என்று கேட்டாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளைப் பார்த்தேன். "எங்காத்துல இல்லை மாமி," என்றாள் அவள்.

நாற்பத்தெட்டாம் நாள் வந்தது. காலையிலேயே வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. புதுக் காப்பிப்பொடி வாங்கி, ஃபில்டரில் டிகாஷன் போட்டு வைத்திருந்தாள். கோவிலிலிருந்து வந்ததும் பாலைக் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி.  அவள் நேர்ந்துகொண்டது எனக்காக. இன்னும் ஒரு மணி நேரத்தில், நடக்காத ஒன்று நடந்துவிட்டதாக நம்பித் தெய்வத்திடம் நன்றி சொல்லப் போகிறாள். இதைத் தாங்க எனக்குப் பலம் தேவைப்பட்டது. பலம் மொட்டைமாடியில் மோட்டார் பெட்டிக்குள் இருந்தது.

குளித்து, கோவிலுக்கு ஏற்றபடி வெற்று மார்பும் வேட்டியும் மேல்முண்டுமாக மாடிக்குப் போனேன். பெட்டியில் பாட்டரி தீர்ந்திருந்தது. சார்ஜ் ஆன பாட்டரியை மாற்றுவதற்காகக் கையில் எடுத்த நேரத்தில் படிக்கட்டில் அவள் குரல்.

"ஏன்னா, நடை அடைச்சுடுவா. வாங்கோ."

பெட்டியை மோட்டாருக்குப் பின்னால் தள்ளினேன். பாட்டரியை வேட்டி மடிப்பில் இடுப்போடு செருகினேன். வேட்டிக்குப் பாக்கெட் கிடையாது. வாசலில் அவள் என் கையில் ஒரு பிடி சில்லறை கொடுத்தாள். "ஒவ்வொரு சன்னதிக்கும் ஒண்ணு போடணும், கேட்டேளா."

அதையும் அதே மடிப்பில் செருகினேன். அவள் கைப்பையில், பாட்டரிக்கென்றே செய்த டப்பாவில், கற்பூரம் பத்திரமாகப் பயணம் செய்தது.

சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். உதடுகள் அசைந்தன. நான் பக்கத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தச் சூடு ஆரம்பித்தது. குற்ற உணர்ச்சி சுடும் என்று நிறையப் படித்திருக்கிறேன். ஆனால் அது இவ்வளவு குறிப்பாக, இடது இடுப்பில் ஒரே இடத்தில், வட்டமாகச் சுடும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அடுத்த கணம் நான் சாடினேன். சாதாரணமாகக் குதித்தேன் என்று எழுதினால் அந்தக் காட்சிக்கு நியாயம் ஆகாது. மேல்முண்டு ஒரு பக்கம் பறந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஒரு சுற்று வந்தேன். பின்னால் இருந்தவர்கள் விலகி வட்டமாக இடம் விட்டார்கள்.

"சாமி வந்திருக்கு!" என்று ஒரு குரல்.

"இவருக்கா?" என்றது அடுத்தாத்து மாமியின் குரல். அதில் இருந்த அவநம்பிக்கை அந்த அவசரத்திலும் என் காதில் விழுந்தது.

உள்ளே பூஜையிலிருந்த போத்தி எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று மலையாளத்தில் கேட்டார். "எந்தா? எந்து பற்றி?"

ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மடிப்பை உதறினேன். சில்லறை கல்தரையில் சிதறி ஓடியது. அதன் நடுவே பாட்டரி உருண்டுபோய், கால் கழுவும் தொட்டியின் ஓரத்தில் நின்றது. அதன் பச்சை உறை கருகிச் சுருங்கியிருந்தது. பாட்டரியின் இரண்டு முனைகளையும் காசுகள் கூடி இணைத்துவிட்டிருக்கின்றன. நேரடி பந்தம். காசுகள் பிரிந்ததும் அது அடங்கிவிட்டது. தர்க்கப் புத்தகத்து மலைக்கு இன்னொரு சிக்கல்: இந்த முறை தீ இருந்தது, புகை இல்லை.

காவலாளி சுவரில் தொங்கிய மணல் வாளியை எடுத்து வந்தார். பல வருஷமாக அதில் ஊதுபத்திக் குச்சிகள்தான் குத்தப்பட்டிருந்தன. குச்சியும் மணலுமாகப் பாட்டரியின் மேல் கவிழ்த்துவிட்டு, தனக்குக் கடைசியில் வேலை வந்த திருப்தியோடு நின்றார்.

மனைவி கண்ணைத் திறந்திருந்தாள்.

"என்னது அது?"

"பாட்டரி."

"எதோட பாட்டரி?"

டார்ச் என்று சொல்லலாம். ரிமோட் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கின் நுனியில் தயாராக இருந்தன. ஆனால் அவள் கையில் சிதறுகாய்க்கான தேங்காய் இருந்தது. அடுத்த நிமிஷம் அதை உடைத்துவிடுவாள். உடைத்துவிட்டால் பிறகு நான் எப்போது சொன்னாலும் பிரயோஜனமில்லை.

சொல்லிவிட்டேன். வீணை மரம், சங்கு, மோட்டார் பெட்டி, பால்பாயசம், புகை அல்ல ஆவி என்ற வாதம், எல்லாவற்றையும். சில்லறை பொறுக்க வந்த இரண்டு பேர் பொறுக்குவதை நிறுத்திக் கேட்டார்கள்.

அவள் தேங்காயைத் திரும்பப் பையில் போட்டாள். "நாப்பத்தெட்டு நாள் இது தாங்காது. சட்னிக்கு ஆகும். அதுக்கு வேற வாங்கிக்கலாம்," என்றாள். பிறகு போத்தியிடம் கொஞ்சம் விபூதி வாங்கி, என்ன நினைத்தாளோ, என் நெற்றியில் அழுத்திப் பூசினாள்.

வீட்டுக்கு நடக்கும்போது இடுப்பு எரிந்தது. மற்ற எல்லா இடமும் லேசாக இருந்தது. ஆறு வாரமாகப் படிக்கட்டில் காலடி கேட்டால் திடுக்கிட்டு, செய்தித்தாளுக்குப் பின்னால் குடித்தனம் நடத்தி, ஒழுகிய சட்டையை நானே துவைத்து அலுத்துப்போயிருந்தேன். இனி ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. பல்லைப் பிடுங்கிய பிறகு நாக்கு அந்தப் பள்ளத்தையே தடவிப் பார்க்குமே, அதுபோல நான் அந்த நிம்மதியைத் தடவிக்கொண்டே நடந்தேன்.

"புகை இல்லை, ஆவின்னு சொன்னேளே," என்றாள் திடீரென்று. "அதை யார்கிட்டே சொல்லிண்டிருந்தேள்?"

"எனக்கேதான்."

"அவர் ஒத்துண்டாரா?"

 வீட்டில் தீப்புண் களிம்பைத் தடவிவிட்டு, காலண்டரை எடுத்து, அன்றைய தேதியில் ஒன்று என்று எழுதி வட்டம் போட்டாள். டிகாஷனை எனக்கே காப்பியாகக் கலந்து கொடுத்தாள். அதைக் குடிக்க நேர்ந்தது என் தண்டனையின் முதல் பகுதி.

இந்த மாதிரிப் பெட்டிகள் கொடுத்த காசுக்குத் தகுமா என்று பின்னால் இரண்டொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அனுபவஸ்தன் என்ற முறையில் சொல்கிறேன்: தகாது. கடையில் நாலில் ஒரு பங்கு விலைக்கு விற்ற சாமானிலும் இதே பாட்டரி, இதே கம்பி, இதே ஆவிதான். மிச்சப் பணம் மரத்துக்கும் சங்குக்கும் போகிறது. நுரையீரலுக்கு மரம் பலாவா தேக்கா என்று தெரியாது. இதைவிடப் பெரிய நஷ்டம், இது வாங்கியவனைக் காரியம் தெரிந்தவன் என்று நம்ப வைக்கிறது. சிப்பு என்னை நம்பாது என்று யுபிஎஸ்காரர் குறை சொன்னாரே, என்னை முதல் பார்வையிலேயே சரியாக எடைபோட்டது அந்தச் சிப்புதான். சிகரெட்டை விடுவதற்காவது உதவியதா என்றால், அதுவும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு மெல்லும் மாத்திரையில், எந்தச் சங்கும் செதுக்காத ஒரு மாத்திரையில், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட்டேன்.

யுபிஎஸ்காரர் அடுத்த முறை வந்தபோது கருகிய பாட்டரியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டப்பா எங்கே சாரே?"

"அதுல கற்பூரம் இருக்கு."

 அவர் பாட்டரிகளையும் மிச்சத் திரவத்தையும் எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச காலத்தில் தடையும் வந்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, நான் பிறக்காத ஊரில் பஸ் நின்றுபோன செய்தி மாதிரி இருந்தது. வெறும் மரப்பெட்டி மட்டும் எங்களிடம் இருக்கிறது. நவராத்திரிக் கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பின்னால் நெல் பத்தாயமாக நிற்கிறது. சங்கு அழகாகத் தெரியும். வருபவர்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது நாற்பத்தெட்டாம் நாளைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இந்த முறை மடிப்பில் காசு மட்டும் இருந்தது. சிதறுகாய் ஒரே அடியில் நன்றாகச் சிதறியது. வீட்டுக்கு வந்து நானே பாலைக் காய்ச்சி, நானே டிகாஷன் கலந்து, நுரை பொங்க ஆற்றி, இரண்டு கையாலும் டபராவை ஏந்தி அவள் முன்னால் வைத்தேன். அவள் முதல் வாய் குடித்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். மூன்று மாதத்துக்கும் மேலான தவம். 

"எப்படி இருக்கு?"

இன்னொரு வாய் குடித்து யோசித்தாள். "ஆபீஸ் மிஷின்ல வர்றதுக்கு இது எவ்வளவோ தேவலை."

 நெற்றிப் பற்று இரண்டாவது வாரத்தில் காணாமல் போனது கண்முன் வந்து நின்றது.

"என்ன அப்படிப் பார்க்கறேள்?" என்றாள் டபராவை ஊதிக்கொண்டே. "அது எங்கே காப்பி? வெறும் ஆவியாக்கும்."